கம்பமும் பனையும்



சென்ற திங்கள் இம்மடலில், ஊர் செல்லும் புகைவண்டிகளில் இடம் பதிவு செய்யும் முறைகளைப் பற்றி விரிவாக எழுதியிருந்தேன். அதனைப் படித்த செம்பூர் அன்பர் ஒருவர், "உமது மடலில் கண்டவாறே செய்தேன், காத்திருப்போர் பட்டியலில்தான் இடம் கிடைத்தது" என்று வருந்தி எழுதியுள்ளார். எழுதியவனுக்கும் அப்பட்டியலிலேதான் இடம் கிடைத்தது என்பதை அவருக்குத் தெரிவித்துக்கொள்கின்றேன். ஆதலின் இம்முறை பயணச் சீட்டையும் குடிநீர்க் குழாயையும் பள்ளிச் சேர்க்கையையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, நான் ஒரு கம்பத்தில் ஏற முயன்ற கதையைச் சொல்லலாம் என்று எண்ணுகின்றேன். முப்பத்தாறு வயதில், நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து பதிவேடு எழுதித் தொந்தி விழுந்த ஓர் இரயில்வே எழுத்தன் கம்பம் ஏறினான் என்றால் நீங்கள் நகைப்பீர்கள். தடையில்லை. அன்று அங்கிருந்த பிள்ளைகளும் நகைக்கத்தான் செய்தார்கள்.

கதையைத் தொடங்கி வைத்தவள் என் மகள். நான்காம் வகுப்பில் படிக்கின்றாள். குடியரசு நாளன்று அவளுடைய பள்ளியில் உயர்வகுப்பு மாணவியர் சிலர், நட்டு வைத்த மரக்கம்பம் ஒன்றின்மீது தாவி ஏறித் தலைகீழாகத் தொங்கியும், உச்சியில் கைகூப்பி நின்றும், ஒருவர்மேல் ஒருவராகக் கோபுரம்போல் அடுக்கி நின்றும் வித்தை காட்டினார்கள். மராத்தியர் இதனை மல்லகாம்ப் என்பர். விழுப்புரத்தில் இதனைப் பழகிவரும் நம்மவர்கள் மல்லர் கம்பம் என்று வழங்குகின்றனர். வீட்டிற்கு வந்தவள் பள்ளிச் சீருடையைக் களைவதற்கு முன்பே, "அப்பா, நானும் ஏறணும்" என்றாள். ஒரு வாரத்தில் மறந்துவிடுவாள் என்று இருந்தேன். அவள் மறக்கவில்லை. கதவு நிலையில் இரு கால்களையும் ஊன்றி ஏறி, மேலே நின்றுகொண்டு என்னை வரவேற்கத் தொடங்கினாள்.

அலுவலகத்தில் இச்செய்தியைச் சொன்னேன். அடுத்த மேசையிலுள்ள குசராத்தி நண்பர் ஒருவர் உலகச் செய்தி அனைத்தும் அறிந்தவர். அவர் உடனே, "அந்தேரிப் பக்கம் எஃகுக் கம்பத்தில் உடற்பயிற்சி சொல்லித் தருகின்றார்கள். என் தம்பி மகள் போகின்றாள்" என்றார். கூரைக்கும் தரைக்குமாக நிறுத்திய கம்பமாம் அது. பெரும்பாலும் 45 மில்லிமீட்டர் பருமன். அதனைக் கையாலும், முழங்கால் மடிப்பாலும், தொடையாலும் பற்றிச் சுழல வேண்டும். துணி வழுக்கும், தோல்தான் பற்றும் என்பதனால் குறைந்த உடையோடு பழகுகின்றார்கள். மேலைநாடுகளில் இரவுக் கேளிக்கை விடுதிகளின் வழியாக வளர்ந்தமையால் இதற்கு ஒரு கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டதென்றும், இன்று பல நாடுகளில் அதனை உடற்பயிற்சியாகவே பழகிப் போட்டியும் நடத்துகின்றார்கள் என்றும் நண்பர் விளக்கினார். அப்பயிற்சிக்குரிய மாதக் கட்டணத்தையும் சொன்னார். எனக்கு என் அகவிலைப்படி நினைவிற்கு வந்தது, பேச்சை மாற்றினேன்.

அவர் விடவில்லை. "உன் வீட்டருகில் மரக்கம்பம் இருக்கின்றதே, எஃகை ஏன் தேடுகின்றாய்?" என்றார். காட்கோபர் கிழக்கில் ஓர் உடற்பயிற்சி மன்றம் இருப்பதையும், அங்கே மாதம் முந்நூறு ரூபாய்க்கு மல்லகாம்ப் பயிற்றுவதையும் பிறந்தது முதல் இந்நகரில் வாழும் எனக்கு ஒரு குசராத்தியர்தாம் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வழியே நாள்தோறும் நிலையத்திற்கு நடக்கின்றேன். ஒருமுறையும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

இனி என் தந்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் உடன்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். 1976ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், தகரப் பெட்டி ஒன்றுடன் தாராவிக்கு வந்து சேர்ந்தார். சில ஆண்டுகள் தோல் பதனிடும் இடத்தில் உப்புத் தோல் சுமந்தார். பின்னர் இரயில்வேயில் கலாசியாக வேலை கிடைத்தது. அவருடைய தந்தையார், அதாவது என் பாட்டனார், பனையேறி. 1975ஆம் ஆண்டு பனையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அதன்பின் கோலூன்றியே நடந்தவர். எனக்கு ஒன்பது வயதாகும்வரை வாழ்ந்திருந்தார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். பனையைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே எழாது. ஊரிலிருந்து கருப்பட்டி வரும்; அதனைப் பற்றிய பேச்சு வராது.

மகளின் விருப்பத்தை ஓர் இரவு உணவின்போது எடுத்துரைத்தேன். தந்தையார் கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"ஏலே, ஏறுற பொழப்பு எங்க ஐயாவோட போகட்டும்னுதாம்ல நான் இங்க வந்தேன். பொட்டப்புள்ளைய மறுபடி ஏத்தப் போறியா?" என்றார்.

பிழைப்பு வேறு, பயிற்சி வேறு என்று நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கை கழுவ எழுந்துவிட்டார். என் மனைவி மாமனாரை எதிர்த்து ஒரு சொல்லும் சொல்பவள் அல்லள், அன்றும் சொல்லவில்லை. ஆனால் பாத்திரம் துலக்கும்போது என்னிடம் மட்டும் மெல்ல, "ஏங்க, ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வாங்க. பாக்கிறதுல என்ன வந்துடப் போவுது?" என்றாள். எங்கள் வீட்டில் பெரும்பாலான தீர்மானங்கள் இவ்வாறுதான் நிறைவேறுகின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சென்றோம். தகரக் கூரை, செம்மண் தரை, சுவரோரம் கர்லாக்கட்டைகள், மாடத்தில் செந்தூரம் பூசிய மாருதி. இடையில் மூன்று கம்பங்கள் நட்டிருந்தன. ஏறத்தாழ எட்டடி உயரம். அடிப்பக்கத்தின் சுற்றளவு 55 சென்டிமீட்டர் இருக்கும். மேலே செல்லச் செல்லச் சிறுத்து 35 சென்டிமீட்டராகின்றது. உச்சியில் கழுத்தும், அதன்மேல் உருண்டையான தலையும் உண்டு. தேக்கிலோ சீசம் மரத்திலோ இதனைக் கடைகின்றார்கள். அண்மையில் சென்றபோது பழகிய மணம் ஒன்று மூக்கில் ஏறியது. எங்கள் தாயார் மாதம் ஒருமுறை எங்களைத் துரத்திப் பிடித்து வாயில் ஊற்றிய விளக்கெண்ணெயின் மணமே அது! அக்கம்பங்களுக்கு விளக்கெண்ணெய் பூசுகின்றார்கள். வறண்ட மரம் தோலை உரித்துவிடும். எண்ணெய் மிகுந்தால் பிடி நில்லாது. ஆதலின் சில சொட்டுகளை உள்ளங்கையில் ஏந்திக் கம்பம் முழுதும் தேய்க்கின்றார்கள். எவ்வளவு தேய்ப்பது என்பதே ஒரு கல்வி என்று அங்கிருந்த மூத்த மாணவன் ஒருவன் எனக்குச் சொன்னான். அவனுக்கு வயது பதின்மூன்று இருக்கலாம்.

பயிற்றுபவர் ஓர் இளம்பெண். பிள்ளைகள் அவரைத் தாயி என்று அழைக்கின்றார்கள். மராத்தியில் தாயி என்றால் அக்காள் என்பது உங்களில் பலர் அறிந்ததே; ஆயினும் தமிழ்ச் செவிக்கு அச்சொல் வேறொரு குளிர்ச்சியைத் தருகின்றது. பகலில் ஏதோ ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கின்றாராம். முதலில் அனைவரும் தரையைத் தொட்டு வணங்கிக் கம்பத்தையும் வணங்கினார்கள். பிறகு அரை மணி நேரம் ஓட்டம், தண்டால், உட்கார்ந்தெழுதல். என் மகள் மூச்சு வாங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வாங்கியது.

முதற்பாடம் ஒரு பிடி. இரு கைகளாலும் கம்பத்தை அணைத்துத் தொங்கி, ஒரு காலைக் கம்பத்தின் முன்னும் மற்றொன்றைப் பின்னும் செலுத்திப் பின்னிக்கொள்ள வேண்டும். கை தளர்ந்தாலும் கால் உடலைத் தாங்கும். இப்பிடிக்கு மராத்தியில் அடீ என்று பெயர். தாயி உரத்த குரலில் "அடீ, அடீ!" என்று ஏவியபோது, என் மகள் திகைத்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். யாரை அடிக்கச் சொல்லுகின்றார் என்று அவளுக்கு விளங்கவில்லை. பொருளை எடுத்துரைத்த பின்னர் நகைத்துக்கொண்டே ஏறினாள். இரண்டடி உயரம் சென்று, சறுக்கி, மெத்தையில் அமர்ந்தாள். மீண்டும் ஏறினாள்.

அவ்வேளையில் தாயி என் பக்கம் திரும்பி, "பாபா, தும்ஹி பண் யா" என்றார். நீங்களும் வாருங்கள் என்பது பொருள். பெற்றோர் ஒருமுறையேனும் கம்பத்தைத் தொட்டுப் பார்த்தால்தான், வீட்டில் பிள்ளையிடம் "இதற்கென்ன இவ்வளவு களைப்பு?" என்று கேளாதிருப்பார்களாம். அவர் வழக்கமாகச் செய்வது இது. என் முழுக்காற்சட்டையின் துணி வழுக்கும் என்பதனால் யாரோ ஒருவருடைய அரைக்காற்சட்டையைத் தந்தார்கள். அதனை அணிந்து நான் வெளியே வந்த கோலத்தைக் கண்டு என் மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

முதல் முயற்சியில் என் கால்கள் தரையை விட்டு எழவே இல்லை. இரண்டாவதில் எழுந்தன, கம்பம் என் நெஞ்சோடு உராய்ந்து கீழிருந்து மேலாகச் செல்வதுபோல் தோன்றியது. உண்மையில் கீழே சென்றது நான்தான். மூன்றாவது முறை தாயி என் இடக்காலைப் பிடித்து உரிய இடத்தில் வைத்தார். "இறுக்குங்கள்; மூச்சை விடுங்கள்" என்றார். இறுக்கினேன். எட்டு எண்ணும் வரையில் நின்றேன். எட்டு எண்ணுவதற்கு இவ்வளவு நேரம் ஆகும் என்பதை அதற்குமுன் நான் அறிந்ததில்லை. தொடையின் உட்புறம் தீப்பட்டதுபோல் எரிந்தது. இறங்கிய பின்பு முன்கை நடுங்கியதில், மறுநாள் அலுவலகப் பதிவேட்டில் என் கையெழுத்தை நானே அடையாளம் காணவில்லை. கை, தோள், வயிறு, தொடை, கால்விரல் என எல்லாம் ஒரே கணத்தில் வேலை செய்ய வேண்டிய பயிற்சி இது; ஒன்று சோம்பினாலும் உடல் முழுதும் கீழே வந்துவிடும்.

மெத்தையில் சாய்ந்திருந்தபோதும், பின்னர்ப் புத்தகங்களில் தேடியும் அறிந்த வரலாற்றைச் சுருக்கமாகத் தருகின்றேன். மூன்றாம் சோமேசுவரன் என்ற மேலைச் சாளுக்கிய வேந்தன் 12ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய மானசோல்லாசம் என்ற நூலிலேயே மல்லர்கள் பழகும் கம்பத்தைப் பற்றிய குறிப்பு உண்டு. இன்றைய வடிவில் இதனை மீட்டெடுத்தவராகப் போற்றப்படுபவர் பாலம்பட்ட தாதா தேவதர். பூனாவின் கடைசிப் பேஷ்வாவான இரண்டாம் பாஜிராவின் அவையில் இருந்தவர். நிசாமின் நாட்டிலிருந்து வந்து அறைகூவிய மல்லர்களை எதிர்க்கத் துணிந்த இவர், மலைக்காட்டில் குரங்குகள் மரத்தில் தாவுவதைக் கண்டு இப்பிடிகளைக் கற்றார் என்று ஒரு கதை வழங்குகின்றது. மற்போரில் துணையாளன் இல்லாதபோது கம்பத்தையே எதிரியாகக் கொண்டு பிடி பழகினார்கள் என்பது மட்டும் ஏற்கத்தக்கதாக இருக்கின்றது; எண்ணெய் பூசிய மல்லனை எண்ணெய் பூசிய மரத்தில் பழகுவது இயல்புதானே. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதி நகரத்து அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தார் அங்குச் சென்று நம் நாட்டு உடற்பயிற்சிகளோடு இதனையும் காட்டினர். 1981இல் இதற்கென இந்தியக் கூட்டமைப்பு ஒன்று தோன்றித் தேசியப் போட்டி தொடங்கியது. மத்தியப் பிரதேச அரசு 2013இல் இதனைத் தன் மாநில விளையாட்டாக அறிவித்தது.

நமக்கு மிக அருகில், தாதர் சிவாஜி பூங்காவில், ஸ்ரீ சமர்த்த வியாயாம் மந்திர் என்ற பழைய நிறுவனம் இருக்கின்றது. மாலையில் அவ்வழியே நடப்பவர்கள் வேலிக்கு வெளியே நின்றே பார்க்கலாம். கண்பார்வையற்ற பிள்ளைகளுக்கும் அங்கே இதனைப் பயிற்றியிருக்கின்றார்கள். தொட்டுத் தொட்டே கற்க வேண்டிய கலையாதலால் அவர்கள் வியக்கத்தக்க வகையில் கற்றார்களாம். அந்நிறுவனத்தின் உதய் தேசுபாண்டே அவர்களுக்கு 2024ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் மல்லகாம்பின் முதல் உலகப் போட்டியும் அதே சிவாஜி பூங்காவில்தான் நடைபெற்றது; பல நாட்டார் வந்திருந்தனர். மாட்டுங்காவிலும் தாராவியிலும் இருக்கும் நம் குடும்பங்கள் அங்கு நடந்தே செல்லலாம். நம்மில் எத்தனை பேர் சென்றோம்?

நமக்குக் கம்பம் புதிதும் அன்று. திருவிழாவில் வழுக்குமரம் ஏறாத ஊர் எது? தாராவியின் 90 அடிச் சாலையில் கழைக்கூத்தாடியின் குழந்தை கயிற்றின்மேல் நடந்தபோது, கீழே நின்று நாணயம் எறிந்துவிட்டு நாமும் நடந்திருக்கின்றோம். பறை முழங்க ஆரியக் கூத்தர் கயிற்றில் ஆடியதைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் உவமையாகவே எடுத்தாண்டுள்ளார். பார்ப்பதற்கு நாம் என்றும் சளைத்ததில்லை. ஏறுபவன் யார் என்பதில்தான் நமக்கு ஏற்றத்தாழ்வெல்லாம்.

மூன்றாவது வாரம் என் மகளைக் கயிற்றிற்கு மாற்றினார்கள். கம்பத்தைப் போலவே கயிற்றிலும் இக்கலை உண்டு. முன்னாளில் பிரம்பில் பழகினார்கள். இன்று தடித்த பருத்திக் கயிறு உயரத்திலிருந்து தொங்குகின்றது. முடிச்சு ஒன்றும் இராது. கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் கயிற்றைக் கவ்விக்கொண்டு, அதனை ஊன்றுகோலாக்கி எழ வேண்டும். பெண்களுக்குக் கயிறு, ஆண்களுக்குக் கம்பம் என்று ஒரு காலத்தில் வகுத்திருந்தார்கள். இன்று சிறுமியர் இரண்டிலும் ஏறுகின்றார்கள். என் மகள் கயிற்றை விரலிடுக்கில் கவ்விய விதத்தைக் கண்டு தாயி, "இவளுக்கு இதனை யார் கற்றுக் கொடுத்தார்கள்?" என்று கேட்டார்.

நான் விடை சொல்லவில்லை. அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பாட்டனாரின் பாதங்கள் நினைவிற்கு வந்தன. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அவர் கயிற்றுக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருப்பார். அவருடைய பெருவிரல் மற்ற விரல்களோடு சேராமல், ஒரு விரற்கடை விலகி, வேறொரு திசையைப் பார்த்து நிற்கும். உள்ளங்காலின் ஓரம் மரப்பட்டைபோல் காய்த்திருக்கும். நெஞ்சிலும் அப்படி ஒரு காய்ப்பு. சிறுவனாகிய நான் அதனைத் தட்டி ஓசை கேட்டு விளையாடியிருக்கின்றேன்.

அன்றிரவு தந்தையாரிடம் அதனைச் சொன்னேன். பேத்தி கயிற்றில் நான்கு ஆள் உயரம் ஏறினாள் என்பதையும், அவளுடைய விரல் பாட்டனாரின் விரலைப்போல் விலகி நிற்கின்றது என்பதையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு காலை நாங்கள் புறப்பட்டபோது, சட்டை அணிந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாயிலில் நின்றார்.

மன்றத்தின் நிலையருகே செருப்பைக் கழற்றினார். முதலில் அவர் பார்த்தது மெத்தையை. குனிந்து கையால் அழுத்தி அதன் கனத்தைப் பார்த்தார். பிறகு கம்பத்தின் அடியைச் சுற்றி வந்தார். எவ்வளவு ஆழம் நட்டிருக்கின்றது என்று என்னைக் கேட்கச் சொன்னார். ஒரு மீட்டர் என்று தாயி சொன்னார். அதன்பின் தம் உள்ளங்கையைக் கம்பத்தில் வைத்தார். வைத்த கையை எடுக்காமல் வலக்காலைத் தூக்கி, பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, உள்ளங்காலின் வளைவு முழுதும் மரத்தில் ஒட்டும்படி பொருத்தினார். அறுபத்தெட்டு வயது, மூட்டு வலி உடையவர், படியேறக் கைப்பிடியைத் தேடுபவர். எங்கே ஏறிவிடுவாரோ என்று நான் அஞ்சி ஓடினேன்.

"விரலால பிடிக்கப்படாது தாயீ, பாதத்தை ஒட்டு. மரம் உன்னைப் பிடிக்கும்" என்று பேத்தியிடம் சொன்னார். அவர் "தாயீ" என்று கொஞ்சியது பேத்தியை. பயிற்றுபவர் தம்மைத்தான் அழைத்தார் என்று எண்ணி அருகில் வந்து கேட்டுக்கொண்டார். நான் மராத்தியில் மொழிபெயர்த்தேன். அவர் தந்தையாரின் பாதத்தையும் மரத்தையும் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆஜோபா, எத்தனை ஆண்டு பழகினீர்கள்?" என்று கேட்டார்.

"பன்னெண்டு வயசுலருந்து" என்றார் தந்தையார்.

என் தந்தையார் பனை ஏறியவர் என்பதை நான் அறிந்தது அக்கணத்தில்தான். சுவரோரத்துப் பலகையில் அமர்ந்து அவராகவே பேசினார். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து முதல் ஆள் உயரம் ஏறுவது. பாதங்களில் தளைநார் மாட்டிக்கொள்வது. மரத்தை மார்போடு அணைத்து, காலை ஊன்றி உடலை மேலே தள்ளுவது. இடுப்புப் பெட்டியில் பாளை அரிவாளும் சுண்ணாம்பும் இருப்பது. காலையும் மாலையும் ஒரே மரத்தில் ஏறியாக வேண்டியிருப்பது, ஒரு வேளை தவறினாலும் பாளை காய்ந்து போவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தந்தையும் மகனுமாக மரங்களைப் பங்கிட்டு ஏறியிருக்கின்றார்கள்.

"அன்னைக்கு சாயங்கால ஏத்தம் என்னோடதுலே. நான் திருச்செந்தூருக்குப் படம் பாக்கப் போயிட்டேன். ஐயா தன் மரத்தையும் ஏறி, என் மரத்தையும் ஏறினாரு. இருட்டிப் போச்சு" என்றார்.

அதற்குமேல் அவரும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. என் மகள் கயிற்றின் பாதியில் தொங்கிக்கொண்டு, "தாத்தா, இங்க பாருங்க!" என்று கூவினாள். அவர் எழுந்து சென்று, கயிற்றின் நேர்கீழே, மெத்தையின் ஓரத்தில் நின்றுகொண்டார். "கீழ பாக்காத. அடுத்த பிடி எங்கன்னு பாரு" என்றார்.

பிள்ளைகளை அனுப்ப விரும்பும் இல்லத்தார்க்குச் சில செய்திகளைச் சொல்லிவிடுகின்றேன். ஆறு வயது முதல் சேர்க்கின்றார்கள். நகங்களை வெட்டியிருக்க வேண்டும். வளையல், கொலுசு, சங்கிலி கூடாது. அரைஞாண்கயிற்றையும் கழற்றச் சொல்கின்றார்கள். பாட்டிமார்களிடம் முன்கூட்டியே பேசி வைப்பது நலம். வயிறு நிறைய உண்டுவிட்டு அனுப்பாதீர்கள். சேர்க்கும்முன் நீங்களே ஒருமுறை சென்று மெத்தை இருக்கின்றதா, ஏறும் பிள்ளையின் அருகில் பெரியவர் ஒருவர் நிற்கின்றாரா என்று பாருங்கள். இல்லையேல் கட்டணம் எவ்வளவு குறைவாயினும் திரும்பி வந்துவிடுங்கள். முதல் வாரம் தொடையில் நீலம் பாயும். பிள்ளையைக் காட்டிலும் தாய்மார்களுக்கே அது மிகவும் வலிக்கும்.

நான் இன்னும் செல்கின்றேன். இப்பொழுது இருபது எண்ணும்வரை நிற்கின்றேன். ஒரு முறை தலைகீழாகத் தொங்க முயன்றபோது சட்டைப் பையிலிருந்த மாதாந்தரப் பயணச் சீட்டு விழுந்து, எண்ணெயில் நனைந்து, மறுநாள் சீட்டுப் பரிசோதகர் அதனை முகர்ந்து பார்த்தார். அவர் எங்கள் துறையினர் என்பதனால் ஒன்றும் கேட்கவில்லை.

தந்தையார் ஞாயிறு தவறாமல் வருகின்றார். பிள்ளைகள் அவரை ஆஜோபா என்று அழைக்கின்றார்கள். மகள் போட்டிக்குச் செல்வதை அவர் இன்னும் ஒப்பவில்லை. அதனைப் பற்றிப் பேசினால் பழையபடி எழுந்து கை கழுவச் சென்றுவிடுகின்றார். ஆயினும் பயிற்சி தொடங்குமுன், மற்றவர்கள் மாருதியை வணங்கிக்கொண்டிருக்கும் வேளையில், கயிற்றின் நுனியைக் கையில் சுற்றித் தம் உடலின் எடை முழுவதையும் அதில் தொங்கவிட்டு மும்முறை இழுத்துப் பார்க்கின்றார். அதன்பின்னரே பேத்தியை ஏற விடுகின்றார்.